சித்தன்னவாசல் தாமரைக்குளம்: சமவசரணமும் மருதமும்

புதுக்கோட்டை மாவட்டம் சித்தன்னவாசலில் அறிவர் கோயில் என வழங்கும் சமணக் குடைவரையின் அர்த்தமண்டப விதானத்தில் ஒரு தாமரைக்குளம் தீட்டப்பெற்றுள்ளது. அது சமயத் தொன்மத்தின் காட்சியா, இயற்கைக் காட்சியா என்பது நெடுங்காலமாக எழுப்பப்பெறும் வினா. தி. ந. இராமச்சந்திரன் அதனைச் சமவசரணத்தின் ஒரு பகுதியாக அடையாளங்கண்டார். அம்முடிபை இக்கட்டுரை ஏற்கிறது. எனினும், அம்முடிபு மட்டும் விளக்கிவிட இயலாத சில கூறுகள் ஓவியத்தில் உள்ளன. அவற்றைத் தமிழ்த் திணைமரபின் துணைகொண்டு விளக்க முயல்வதே இதன் நோக்கம்.

காலம் பற்றி முதலில் ஒரு சொல். இக்குடைவரை பல்லவன் முதலாம் மகேந்திரவர்மன் காலத்தது என முன்னர்க் கருதப்பட்டது. மதுரை ஆசிரியன் இளங்கௌதமன் அகமண்டபத்தைப் புதுப்பித்து முகமண்டபம் எடுப்பித்ததைக் கூறும் தமிழ்ப் பாடற் கல்வெட்டு அக்கருத்தை மாற்றியது. அதில் குறிக்கப்பெறும் அவனிபசேகரன், பாண்டியன் சீமாறன் சீவல்லபன் ஆவான். எனவே இன்று காணும் ஓவியங்களை 9ஆம் நூற்றாண்டில் வைத்துப் பார்ப்பதே பொருத்தம். இளங்கௌதமனுக்கு முன்பே குடைவரை இருந்தது என்பதையும் புதுப்பித்தல் என்னும் செய்தி உணர்த்துகிறது.

தீர்த்தங்கரர் முழுதுணர் ஞானம் எய்தியபின், இந்திரன் ஆணையால் குபேரன் சமைக்கும் அறவுரை அரங்கம் சமவசரணம் எனப்படும். தேவர், மக்கள், விலங்குகள் ஆகிய யாவரும் அங்கு அமர்ந்து அறம் கேட்பர் என்பது சமண நூல்களின் கொள்கை. அரங்கத்தைச் சூழ்ந்து அடுத்தடுத்து அமையும் நிலங்களுள் இரண்டாவது காதிகாபூமி. நீர் நிறைந்த அகழிநிலம். வீடுபேற்றுக்குரிய தகுதி வாய்ந்த பவ்வியர், அறம் கேட்கச் செல்லும் வழியில் வழிபாட்டுக்கு அங்கு மலர் கொய்கின்றனர் என்பதே ஓவியத்திற்கு இராமச்சந்திரன் வழிவந்த விளக்கம்.

விதானத்தை அண்ணாந்து நோக்குவோர்க்கு முதலில் தென்படுவது இலைகளின் பசுமையே. கரையோ அடிவானமோ இல்லை. விதானப் பரப்பு முழுவதும் குளமாகவே விரிகிறது. தாமரை மலர்களுக்கும் தண்டுகளுக்கும் இடையே மீன்கள், அன்னங்கள், எருமைகள், யானைகள் ஆகியன உள்ளன. மனிதர் மூவர். இருவர் அருகருகே நிற்கின்றனர். அவர்தம் மேனி கருஞ்சிவப்பு. ஒருவன் வலக்கையால் மலர் கொய்கிறான். இடக்கையில் பூக்குடலை தொங்குகிறது. மூன்றாமவன் தனித்து நிற்கிறான். மேனி ஒளிமிக்க மஞ்சள்; தோளில் தாமரைக் கொத்து. மூவரின் முகத்திலும் நீரில் இறங்கியவர்க்குரிய விளையாட்டுக் களிப்பைவிட ஒருவகை அடக்கமே மேலோங்கியுள்ளது. இவர்களைப் பவ்வியர் எனக் கொள்வதற்கு இவ்வடக்கம் சிறந்த சான்று என்பது என் கருத்து.

இடர்ப்பாடு குளத்தில்தான் எழுகிறது. தேவர் சமைத்த அரங்கம் மணிமயமானது என நூல்கள் வருணிக்கின்றன. விதானத்துக் குளத்திலோ பொன்னும் மணியும் பதித்த படித்துறை எதுவும் இல்லை. அறம் கேட்கும் விலங்குகள் அமர்வதற்கு அரங்கின் உள்ளே தனியிடம் உண்டு. இங்குள்ள எருமை எதையும் கேட்கவில்லை, நீரில் திளைக்கிறது. தாமரைப் பொய்கை, புனலாடும் எருமை, நீர்ப்பறவை, மீன் ஆகியவற்றை ஒருசேரக் காணும் தமிழ் வாசகர்க்கு மருதத்தின் கருப்பொருள்கள் நினைவுக்கு வாராமல் இரா. எருமையை மருதநில விலங்காக இலக்கண உரைகள் குறிக்கின்றன. பழம்பாடல்களின் வயல்களிலும் பொய்கைகளிலும் அது மீண்டும் மீண்டும் இறங்குகிறது. காதிகாபூமியை வரையப் புகுந்த ஓவியன், நூல் சுட்டிய நீர்நிலையை வைகை நாட்டுப் பொய்கையாக உருவகித்துக்கொண்டான் எனலாம். புதுப்பித்தவன் மதுரையைச் சேர்ந்த ஆசிரியன் என்பது இவ்வூகத்திற்கு வலுவூட்டும். ஆயினும் ஓவியனும் அவ்வூரினனே எனக் கொள்ளச் சான்றில்லை.

இக்கருத்துக்கு ஒரு தடை உண்டு. யானை மருதத்துக்குரிய விலங்கன்று. அது குறிஞ்சிக்கும் பாலைக்கும் உரியது. வடமொழிக் காவியங்களில் தாமரைத் தடாகத்தில் புகுந்து நீராடும் களிறு பழகிய காட்சி. சமணப் புராணங்களும் அக்காவிய மரபில் எழுந்தவையே. ஆகவே விதானத்தில் இரு மரபுகள் கலந்துள்ளன எனக் கொள்வது தகும். முழுவதையும் மருதம் என்று வலிந்து உரைப்பதற்கு யானை இடந்தராது. அவ்வாறே, எருமையைக் கணக்கில் கொள்ளாமல் காவிய மரபு ஒன்றையே கூறுவதும் குறையுடைத்து.

இவ்வாதம் சில கோட்டுருவங்களை நம்பியே நிற்கிறது. சுண்ணச்சாந்துப் பூச்சு உலர்ந்தபின் வண்ணமிடும் முறையில் இவ்வோவியங்கள் தீட்டப்பெற்றுள்ளன. வெண்மைக்குச் சுண்ணமும், கருமைக்குக் கரியும், சிவப்புக்கும் மஞ்சளுக்கும் காவி மண்ணும், பசுமைக்குப் பச்சை மண்ணும் பயன்பட்டன. கனிம வண்ணங்கள் ஆதலின் நிறம் நீடித்தது. ஆனால் உலர்ந்த பூச்சின்மேல் இட்ட வண்ணம், ஈரப்பூச்சில் இட்டது போல அதனுள் ஊறிப் பிணைவதில்லை. பூச்சு உதிரும்போது உருவமும் உடன் போகிறது. தூண்களில் உள்ள ஆடல்மகளிர் உருவங்களிலும் அரசன், அரசி உருவங்களிலும் பெரும்பகுதி இன்று மங்கிவிட்டது. விதானத்தில் எருமைகளின் புறக்கோடுகள் எவ்விடத்தில் தெளிவாக எஞ்சியுள்ளன, எவ்விடத்தில் பழைய பிரதிகளைக் கொண்டே அறிய வேண்டியுள்ளது என்பதை உருவம் உருவமாக ஒப்பிட்டுப் பதிவு செய்தல் வேண்டும். அவை முற்றும் மறைந்தால், எஞ்சிய தாமரையையும் யானையையும் கொண்டு இக்குளத்தைக் காவிய மரபினது என்று கூறுவார்க்கு விடையிறுக்கச் சான்று இராது.