செஞ்சி முதல் திருவக்கரை வரை: 3 நாளில் ஒரு 'கல்' பயணம்!

டிரெக்கிங் என்றதும் கொல்லிமலைக்கோ ஏலகிரிக்கோ பையைத் தூக்குகிறவர்களிடம் விழுப்புரம் என்று சொன்னால், "அங்க என்ன இருக்கு, வயலும் பைபாஸும்தானே?" என்பார்கள். கோலியனூர் கூட்ரோட்டில் நின்று பார்த்தால் அப்படித்தான் தெரியும். ஆனால் அங்கிருந்து செஞ்சி, திண்டிவனம், திருவக்கரை என ஒரு சுற்று வந்தால், காலத்தால் எட்டாத தூரத்தில் இருக்கும் இரண்டு வகைக் கற்களைப் பார்த்துவிடலாம். பஸ் பாதி, நடை பாதி.

முதல் நாள் செஞ்சி. 2025 ஜூலையில் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த 12 மராட்டியக் கோட்டைகளில் மகாராஷ்டிரத்துக்கு வெளியே இருப்பது இது ஒன்றுதான். ராஜகிரி சுமார் 800 அடி உயரம். வெயிலுக்கு முன்பே ஏறிவிடுவது நல்லது.

யாரோ தூக்கி அடுக்கிய மாதிரி நிற்கும் அந்த உருண்டைப் பாறைகள் எப்படி வந்தன? சுமார் 250 கோடி ஆண்டுகளுக்கு முன் பூமிக்கு அடியில் உருவான பாறை அது. விரிசல்களில் மழைநீர் இறங்க இறங்க, மூலைகள் முதலில் உதிர்ந்தன. உதிர்ந்த மண்ணை மழை அடித்துக்கொண்டு போக, நடுவில் இருந்த உருண்டைகள் மட்டும் மிச்சம்.

இரண்டாம் நாள் கிருஷ்ணகிரி ஏறிட்டு, பக்கத்தில் திருநாதர்குன்றுக்கும் போகலாம். ஒரே பாறை முகத்தில் 24 தீர்த்தங்கரர்கள். ராத்திரி திண்டிவனத்தில் தங்கல்.

மூன்றாம் நாள், மயிலம் வழியாகத் திருவக்கரை. செஞ்சிக்குக் கூடும் கூட்டம் இங்கே இல்லை. உண்மையில் இந்தச் சுற்றின் ஹீரோ இதுதான்! 247 ஏக்கர் தேசியக் கல்மரப் பூங்கா, இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் பொறுப்பில் உள்ளது. கீழே கிடப்பது வெட்டிப் போட்ட மரம் போலவே இருக்கும். நார், கணு எல்லாம் தெரியும். தட்டினால் கல். வயது சுமார் 2 கோடி ஆண்டுகள்.

இவற்றில் வேரும் இல்லை, கிளையும் இல்லை. அதனால் இவை இங்கே வளர்ந்த மரங்கள் அல்ல, வெள்ளம் உருட்டிக்கொண்டு வந்தவை என்கிறார்கள் ஆய்வாளர்கள். மணலுக்குள் புதைந்த மரத்தில் நிலத்தடி நீர் வழியாக சிலிக்கா ஊறி, கொஞ்சம் கொஞ்சமாக மரத்தின் இடத்தைப் பிடித்தது. நெய்வேலியில் புதைந்த தாவரங்கள் சதுப்பில் கரியாயின, இங்கே கல்லாயின. புளிய மரக் குடும்பத்தைச் சேர்ந்தவையும் இதில் உண்டு.

சிக்கல் என்னவென்றால், சிறு துண்டு என்றால் பாக்கெட்டில் போட்டுக்கொள்ளும் பழக்கம். எந்த மரம், எந்தப் படிவம், எந்தத் திசையில் விழுந்து கிடந்தது என்பதெல்லாம் அது கிடக்கும் இடத்தில்தான் தகவல். ஷோகேஸுக்குப் போய்விட்டால் அது வெறும் கூழாங்கல். சுற்றுவட்டாரத்தில் கல்குவாரிகளும் உண்டு. வேலிக்கு வெளியே கிடப்பவற்றுக்கு அந்தக் காவலும் கிடையாது. போட்டோ எடுங்க, துண்டு எடுக்காதீங்க.

பூங்காவில் நிழல் குறைவு, தண்ணீர் கையிலேயே இருக்கட்டும். பௌர்ணமி அன்று வக்கிரகாளியம்மன் கோயிலுக்குக் கூட்டம் அதிகம். நிதானமாகப் பார்க்க வேறு நாள் பாருங்கள்.