கையால் மிதிக்கும் சைக்கிள்



போன மாதம் ஒரு செம்பனைத் தோட்டத்துக்குச் சந்தா விஷயமாகப் போயிருந்தேன். பெரட்டு முடிந்து ஆட்கள் கலைந்துவிட்டார்கள். லயத்துப் பக்கமிருந்து ஒரு மூன்று சக்கர வண்டி வந்தது. அதில் உட்கார்ந்திருந்தவர் காலை அசைக்கவே இல்லை. நெஞ்சுக்கு நேராக இருந்த இரண்டு பிடிகளையும் கையால் சுற்றிக்கொண்டே வந்தார். பின்னாலேயே நாலைந்து பிள்ளைகள் ஓட்டம். கிட்டே வந்து நிறுத்தி, "என்னாண்ணே, அடையாளம் தெரியலியா?" என்று கேட்டார்.

தெரியாமல் என்ன? மூன்று வருடத்துக்கு முன்னால் இதே தம்பியை ஆஸ்பத்திரிக் கட்டிலில் பார்த்தவன்தானே நான்! குலை வெட்டுகிற வேலை அவருக்கு. நீண்ட கம்பில் கட்டிய அரிவாளால் அண்ணாந்து வெட்டும்போது, மட்டையும் குலையும் ஒன்றாகச் சரிந்து முதுகில் விழுந்தன. ஒரு குலை இருபது கிலோகூட இருக்கும் என்பது உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. முதுகெலும்பு முறிந்து, இடுப்புக்குக் கீழே உணர்ச்சி போய்விட்டது. வயது முப்பத்திரண்டு. பிள்ளைகள் இரண்டு.

சங்கத்துக்காரன் செய்ய வேண்டியதை நான் செய்தேன். வேலையில் விபத்து நடந்தால் 48 மணி நேரத்துக்குள் முதலாளி சொக்சோவுக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது சட்டம். அது நடந்ததா என்று பார்த்தேன். வேலை செய்ய முடியாத நாட்களுக்குக் கணக்கிட்ட தினச் சம்பளத்தில் 80 விழுக்காடு வர வேண்டும், அதற்கு டாக்டர் லீவு 4 நாளுக்குக் குறையக்கூடாது. அதையும் பார்த்தேன். நிரந்தர ஊனத்துக்கான பாரம், கவனிப்பு உதவித்தொகைக்கான பாரம் எல்லாம் எழுதிக் கொடுத்தாயிற்று. பணமும் வர ஆரம்பித்தது. நம் கடமை முடிந்தது என்று நான் நினைத்துக்கொண்டேன்.

ஆறு மாதம் கழித்து அவர் வீட்டுக்குப் போனேன். சுவரைப் பார்த்தபடி படுத்திருந்தார். திரும்பவே இல்லை. "காசு வருதுண்ணே. அதுக்கு ஒரு கொறையும் இல்ல. ஆனா பெரட்டுக் களம் வரைக்கும்கூட என்னாலே தனியாப் போக முடியலியே. அவ வேலைக்குப் போயிட்டா யாரு தள்ளுறது?" என்றார். அந்தத் தங்கச்சி அடுப்படியில் நின்று முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டது. நான் கையில் வைத்திருந்த பைலைப் பார்த்தேன். இந்தக் கேள்விக்கு எந்தப் பாரத்திலும் இடம் இல்லை.

சக்கர நாற்காலி இருந்தது. ஆனால் அது ஆஸ்பத்திரித் தரைக்குச் செய்தது. முன்னால் இருக்கும் சின்னச் சக்கரம் நம்முடைய செம்மண் சாலையில் ஒரு கல்லில் இடித்தால் நின்றுவிடும், சேற்றில் இறங்கினால் புதைந்துவிடும். பெரிய சக்கரத்தைத் தள்ளித் தள்ளித் தோள்பட்டையும் வலி கண்டுவிடும். கால் போனவருக்குத் தோளும் போனால் மிச்சம் என்ன?

பிறகு மறுவாழ்வுச் சிகிச்சைக்குப் போனார். சொக்சோ 2007இல் "மீண்டும் வேலைக்கு" என்று ஒரு திட்டம் தொடங்கியது. மலாக்காவில் துன் அப்துல் ரசாக் பெயரில் மறுவாழ்வு நிலையம் 2014இல் திறக்கப்பட்டது. பாதிக்கப்பட்டவர்கள் இதையெல்லாம் கேட்டு வாங்க வேண்டும். கேட்காதவருக்கு வீடு தேடி வராது. சிகிச்சையில் இவரைக் கையால் சுற்றுகிற ஒரு பயிற்சி மெஷினில் உட்காரவைத்திருக்கிறார்கள். முதல் நாள் ஐந்து நிமிஷம். அங்கேயிருந்த பயிற்சியாளர் ஒருவர் கைபேசியில் ஒரு படத்தைக் காட்டி, "இவரைப் பாருங்கள்" என்றாராம்.

அந்தப் படத்தில் இருந்தவர் இத்தாலி நாட்டு அலெக்ஸ் சனார்டி. குழாய் வேலை செய்தவரின் மகன். அமெரிக்கக் கார் பந்தயத்தில் 1997, 1998 இரண்டு ஆண்டும் வெற்றி பெற்றவர். 2001 செப்டம்பர் 15ஆம் தேதி ஜெர்மனியில் நடந்த பந்தயத்தில் இன்னொரு கார் மோதி இரண்டு காலும் போய்விட்டன. உயிர் பிழைத்ததே பெரிய காரியம். அவர் கைச்சைக்கிளை எடுத்தார். 2007இல் நியூயார்க் மாரத்தானில் நான்காவதாக வந்தார். 2011இல் அதே ஓட்டத்தில் முதலாவது. 2012இல் லண்டன் பாராலிம்பிக் போட்டியில் இரண்டு தங்கம், 2016இல் ரியோவில் மேலும் இரண்டு தங்கம். லண்டனில் ஜெயித்தபோது வயது 45. ஏறக்குறைய என் வயசு!

"அவர் பேர் பெற்ற ஆளு, பணம் இருந்தது, நல்ல டாக்டர் இருந்தாங்க. நமக்கு ஆகுமா?" என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் அதையேதான் கேட்டேன். தம்பி சொன்னார்: "தங்கம் யாருக்குண்ணே வேணும்? எனக்குக் கடைத்தெருவுக்குப் போனாப் போதும்."

இது பணக்காரர் கண்டுபிடித்த வண்டியும் அல்ல. 1655ஆம் ஆண்டளவில் ஜெர்மனியில் ஸ்டீபன் ஃபார்ப்ளர் என்ற ஒரு கடிகாரத் தொழிலாளி இருந்தார். அவரால் நடக்க முடியாது. தன் கைத்தொழிலை வைத்தே, கையால் சுற்றி ஓட்டுகிற ஒரு மூன்று சக்கர வண்டியைத் தனக்குத்தானே செய்துகொண்டார். சைக்கிள் வருவதற்கு ஒன்றரை நூற்றாண்டுக்கு முன்னாலேயே இது நடந்துவிட்டது. பாராலிம்பிக்கில் இந்தப் போட்டி சேர்ந்தது 2004இல், ஏதென்ஸ் நகரில்தான். தொழிலாளி முந்நூற்றைம்பது வருடம் முன்னால் போய்விட்டார், தோழர்களே!

கடையில் விற்கும் வண்டியின் விலையைக் கேட்டு நாங்கள் திரும்பி வந்துவிட்டோம். தோட்டத்துப் பட்டறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவர் இருக்கிறார். எல்லாரும் மாமா என்றுதான் கூப்பிடுவோம். அவரிடம் படத்தைக் காட்டினோம். வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு, "சைக்கிளைத் தலகீழா மாட்டுன மாதிரி இருக்கு. பாப்போம்" என்றார்.

பழைய சைக்கிள் இரண்டை அறுத்து ஒட்டினார். சங்கிலியும் பல்சக்கரமும் முன்சக்கரத்துக்கு மேலே வந்தன. மிதிக்கட்டைக்குப் பதில் கைப்பிடி. ஆனால் முதல் நாள் ஓட்டியபோது வண்டி பாம்பு மாதிரி வளைந்து வளைந்து போய்ச் சாக்கடை ஓரம் நின்றது. காரணம் பிறகுதான் புரிந்தது. கால் சைக்கிளில் ஒரு கட்டை மேலே இருந்தால் மற்றது கீழே இருக்கும். கைச்சைக்கிளில் அப்படி வைத்தால், ஒரு கை தள்ள மறு கை இழுக்க, அதுவே முன்சக்கரத்தைத் திருப்பிவிடும். இரண்டு பிடியும் ஒன்றாக மேலே போய் ஒன்றாகக் கீழே வர வேண்டும். மாமா மறுபடியும் கழற்றி மாட்டினார். வண்டி நேராக ஓடியது. அன்று மாலை லயத்தில் தேத்தண்ணி கலந்து எல்லாருக்கும் கொடுத்தார்கள்.

பிரேக் விஷயத்தில் மாத்திரம் மாமா விட்டுக்கொடுக்கவில்லை. இரண்டு பிரேக், ஒன்று போனாலும் மற்றது பிடிக்க வேண்டும், நின்றால் நகராமல் பூட்டும் ஒரு பிடி வேண்டும் என்று புதுச் சாமான் வாங்கிப் போட்டார். வண்டி தாழ்வாக இருப்பதால் லோரிக்காரர் கண்ணில் படாது. அதற்காகப் பின்னால் ஒரு கம்பில் சிவப்புக் கொடி. இதை விளையாட்டாக நினைக்காதீர்கள். சனார்டியே 2020 ஜூன் மாதம் கைச்சைக்கிளில் போகும்போது லோரியில் மோதித் தலையில் கடுமையாக அடிபட்டார். சாலைக்குப் பேர் பெற்றவர், பேர் பெறாதவர் என்ற பேதம் கிடையாது.

இதைப் படித்துவிட்டு உடனே ஓட்டப் புறப்படுகிறவர்களுக்கும் நாலு வார்த்தை சொல்ல வேண்டும். முதலில் டாக்டரைக் கேளுங்கள், அதிலும் அடி நெஞ்சுக்கு மேலே பட்டிருந்தால் கட்டாயம் கேளுங்கள். முதுகுத்தண்டு அடிபட்டவர்களுக்கு அடிபட்ட இடத்துக்குக் கீழே சரியாக வியர்க்காது, உடம்பு சூடு ஏறிவிடும். அதனால் வெயில் ஏறுவதற்குள் ஓட்டி முடிக்க வேண்டும். தண்ணீர் கூடவே இருக்க வேண்டும். உட்காரும் இடத்தில் நல்ல மெத்தை போட்டு, அடிக்கடி கையை ஊன்றி உடம்பைத் தூக்கிக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் புண் வரும், வலி தெரியாததால் புண் வந்ததே தெரியாது. இரவில் கண்ணாடி வைத்துப் பாருங்கள், அல்லது வீட்டில் உள்ளவர்களைப் பார்க்கச் சொல்லுங்கள். காலை வாரால் கட்டிவையுங்கள். நழுவித் தரையில் இழுபட்டாலும் தெரியாது.

இப்போது அவர் காலையில் பிள்ளைகளைப் பள்ளிக்கூட பஸ் வரைக்கும் கொண்டுபோய் விடுகிறார். கடைக்கு அவரே போகிறார். "வீட்டுக்காரி கிட்ட சீட்டு எழுதி வாங்கிட்டுப் போறேன், மறந்துட்டா திட்டு விழுதுண்ணே" என்று சிரிக்கிறார். அந்தத் திட்டு வாங்குவதற்கு இரண்டு வருடம் ஆயிற்று!

ஆனால் எல்லாம் முடிந்துவிடவில்லை. வேலையில் இல்லாதவர் தோட்டத்து வீட்டைக் காலி செய்ய வேண்டும் என்று நிர்வாகம் கடிதம் கொடுத்திருக்கிறது. இவருக்கு எடை போடும் இடத்தில் உட்கார்ந்து செய்யும் வேலை கொடுங்கள் என்று நாங்கள் கேட்டிருக்கிறோம். நான் வந்தது சந்தாவுக்காக மட்டுமல்ல, அன்று அந்தப் பேச்சுவார்த்தையும் இருந்தது.

தோட்ட ஆபீஸ் மேட்டின் மேல் இருப்பது உங்களுக்குத் தெரியும். அவர் சுற்றிக்கொண்டே ஏறினார். பாதி மேட்டில் முன்சக்கரம் சரளைக்கல்லில் வழுக்கியது. முன்சக்கரத்தால் இழுக்கிற வண்டிக்கு மேட்டில் பிடிப்புக் குறைவு. பிள்ளைகள் தள்ள ஓடினார்கள். "தள்ளாதீங்கடா. பின்னால போவாமப் பிடிச்சுக்குங்க, போதும்" என்றார். உடம்பை முன்னால் சாய்த்து மறுபடியும் சுற்றினார். வியர்வை முகத்தில் ஊற்றியது. ஏறிவிட்டார்.

இதுவரை அவருக்காகத் துரையிடம் பேசியதெல்லாம் நான்தான். அவர் வீட்டில் கிடப்பார், நான் மேலே போய்ப் பேசிவிட்டு வந்து சொல்வேன். அன்று நான் வாய் திறக்கவில்லை. அவர் பேசினார். எத்தனை வருடம் குலை வெட்டினார், எடை பார்த்துக் கணக்கு எழுதத் தனக்குத் தெரியுமா தெரியாதா, காலையில் எத்தனை மணிக்கு வண்டியில் வந்து சேர முடியும் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். "யோசித்துச் சொல்கிறோம்" என்று பதில் வந்தது. இதை எழுதும் வரையில் முடிவு வரவில்லை. நாங்கள் விடப்போவதில்லை.

தோழர்களே, உங்கள் தோட்டத்திலும் இப்படி யாராவது சுவரைப் பார்த்துப் படுத்திருப்பார். நம்மாளாக இருக்கலாம், இந்தோனேசியா, வங்காளதேசத்திலிருந்து வந்தவராகவும் இருக்கலாம். அவர்களுக்கும் 2019 ஜனவரி முதல் சொக்சோ பாதுகாப்பு உண்டு. பாரம் எழுதிக் கொடுங்கள். அதோடு எழுந்து வந்துவிடாதீர்கள். "தம்பி, உனக்கு எங்கே போகணும்?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். நான் ஆறு மாதம் தாமதமாகக் கேட்டேன்.