கையின் கீல்களும் கருவியின் காம்பும்

மண்வெட்டி வாங்கும் குடியானவர் இரும்பைத் தட்டிப் பார்த்து வாங்குவர். காம்பைப் பற்றி அவ்வளவு விசாரிப்பதில்லை. வேலியில் அகப்பட்ட கொம்பொன்றைச் செதுக்கி மாட்டிவிடுவதும் உண்டு. காம்பு கைக்குப் பொருந்தாவிடில் நல்ல இரும்பாலும் பயன் குறையும். எக்காம்பு பொருந்தும் என்பதற்குக் கையின் அமைப்பையே கேட்கவேண்டும்.

ஒரு கையில் 27 எலும்புகள் உள்ளன. மணிக்கட்டில் கூழாங்கற்கள் போன்றவை 8, உள்ளங்கையில் 5, விரல்களில் 14. விரலின் நடுமூட்டும் நுனிமூட்டும் கதவுக் கீல்போல ஒரே திசையில் மடங்குவன. அடிமூட்டோ பக்கவாட்டிலும் அசையும். விரல்களை நீட்டி அகல விரிக்கலாம். அடிமூட்டை நன்கு மடக்கியபின் அவ்வாறு விரிக்க இயலாது. மடங்குங்கால் மூட்டின் இருபுறத்துப் பந்தனங்களும் இறுகிவிடுகின்றன. காம்பைப் பற்றிய விரல்கள் பக்கம் சாயாமல் நிற்பது இதனாலேயாம்.

பெருவிரலின் அடியிலுள்ள மூட்டு, ஒன்றன்மேல் ஒன்று குறுக்காகப் பொருந்திய இரு சேணங்களை ஒத்தது. ஆதலின் அது நால்திசையும் அசைந்து, மற்ற விரல்நுனிகளை எதிர்நின்று தொடுகிறது. நாற்றைப் பிரித்து நடும் பெண்களின் வேலை முழுதும் இம்மூட்டினாலேயே நடக்கிறது.

ஜான் நேப்பியர் என்னும் ஆங்கில வைத்தியர் 1956-ல் கைப்பிடிகளை இரு வகையாகப் பிரித்தார். உள்ளங்கையோடு சேர்த்து இறுக்குவது பலப்பிடி. விரல்நுனிகளால் பற்றுவது நுட்பப்பிடி. மண்வெட்டியும் அரிவாளும் முதல் வகை. நாற்றும் விதையும் இரண்டாம் வகை.

பலப்பிடியின் வலிமை விரலில் இல்லை. விரல்களை மடக்கும் பெருந்தசைகள் முன்கையில் உள்ளன. அவற்றின் நாண்கள் மணிக்கட்டைக் கடந்து விரல்களுக்குச் செல்கின்றன. மணிக்கட்டை உட்புறமாக முற்றும் மடித்துக்கொண்டு ஒரு கோலை இறுகப் பற்றிப் பார்த்தால், பிடி தளர்வது தெரியும். மடித்த நிலையில் மடக்கும் நாண்கள் தொய்ந்து, நிமிர்த்தும் நாண்கள் விரலைப் பின்னுக்கு இழுக்கின்றன. மணிக்கட்டு சற்றே மேல்நோக்கி நிமிர்ந்திருப்பின் பிடி மிகப் பலமுள்ளது. கையை மடித்து வேலைசெய்யும்படி அமைந்த கருவி எதுவாயினும் ஆளை விரைவில் களைப்பிக்கும்.

காம்பின் குறுக்களவு 1¼ முதல் 1½ அங்குலம் வரை இருப்பது பெரும்பாலார்க்கு ஏற்றது. பற்றும்போது பெருவிரல் சுட்டுவிரலின் நுனியைச் சற்றே மூடவேண்டும். மெல்லிய காம்பில் விரல்நுனிகள் உள்ளங்கையில் குத்தும். பருத்ததில் விரல்கள் மூடா. பெண்கள் கைக்குச் சிறிது மெலிதாகவே செதுக்குக. முழு உருண்டையாக இல்லாது முட்டைவடிவாக இருப்பின் கையில் உருளாது.

சிறுவிரலையும் மோதிரவிரலையும் அற்பமாக எண்ணலாகாது. இவற்றின் உள்ளங்கை எலும்புகள் அடியில் அசைவுடையவை. முஷ்டி இறுகும்போது காம்பைச் சுற்றி வளைந்து அதனைத் தாங்குகின்றன. இவ்விரல்களுக்குரிய நரம்பு முழங்கையின் உட்புறத்தே எலும்பை ஒட்டிச் செல்கிறது. தொழுநோயில் அடிக்கடி கெடுவது இந்நரம்பே. சிறுவிரல் மரத்து வளையத் தொடங்கினால், அது வேலையின் அசதி என்று வாளாவிருத்தல் தகாது. வேலூரில் டாக்டர் பால் பிராண்டு 1940-களின் இறுதியில் தொடங்கி, வளைந்த விரல்களுக்கு வேறு தசைநாணை மாற்றி இணைத்துப் பலருடைய கைகளை மீண்டும் தொழிலுக்கு உதவச் செய்தார். இந்நோய்க்குரிய கூட்டு மருந்து இன்று அரசாங்க வைத்தியசாலைகளில் இலவசமாகக் கிடைக்கிறது. மரத்த கை தேவைக்கு மிஞ்சி இறுக்கும், கொப்புளமும் அறியாது. அத்தகையோர் காம்பில் துணி சுற்றி, மாலைதோறும் உள்ளங்கையைக் கண்ணால் பார்த்துக்கொள்வாராக.

அறுவடையில் அரிவாள் பட்ட காயம் சிறிதாயினும், அதன்பின் விரல்நுனி மடங்காவிட்டால் நாண் அறுந்திருக்கும். மஞ்சள் வைத்துக் கட்டிக் காத்திராமல் அன்றே வைத்தியசாலைக்குச் செல்லவேண்டும். தாள் வெட்டும் யந்திரத்தில் விரல் துண்டாகிவிட்டால், துண்டை ஈரமான சுத்தத் துணியில் சுற்றி, நீர் புகாத பையிலிட்டுக் கட்டி, அப்பையைப் பனிக்கட்டி கலந்த நீரில் வைத்து ஆளுடனேயே அனுப்புக. பனிக்கட்டி துண்டின்மேல் நேரே படலாகாது.