ஷெல் கற்க எந்தப் புத்தகம்?

பாபநாசம் அணையின் உச்ச மட்டமான 143 அடி, சேர்வலாற்றின் 156 அடி, மணிமுத்தாற்றின் 118 அடி ஆகியவற்றோடு அன்றன்றைய நீர்மட்டமும், மாஞ்சோலை, காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து என்னும் மலைத்தோட்டங்களில் பெய்த மழையின் அளவும் நாளிதழில் வருவதைத் தாமிரபரணிப் பாசனத்தை நம்பியிருப்போர் நன்கு அறிவர். இவற்றை நாளுக்கொரு கோப்பாகத் தட்டச்சு செய்து பத்தாண்டுக் காலம் சேமித்து வைத்த ஒருவரிடம், ஊத்தில் பத்து சென்டிமீட்டருக்கு மேல் மழை பெய்த நாட்கள் எவை என்று கேட்டால், மூவாயிரத்து அறுநூற்றுச் சொச்சம் கோப்புகளையும் திறந்து பார்த்துப் பதில் சொல்ல அவருக்குப் பல நாட்கள் வேண்டும். கட்டளைகளைக் கோத்து ஷெல் ஸ்கிரிப்ட் எழுதத் தெரிந்தவருக்கோ நான்கைந்து வரிகளும் ஒரு நிமிஷமும் போதும்.

இந்த வித்தை நேற்று வந்ததன்று. 1973-ல் டக் மக்கில்ராயின் யோசனையால் யூனிக்ஸ் என்னும் இயங்குதளத்தில் ஒரு நிரலின் வெளியீட்டை மற்றொன்றுக்கு உள்ளீடாக்கும் குழாய் முறை பிறந்தது; 1979-ல் ஸ்டீபன் பூர்ன் எழுதிய ஷெல் வெளிவந்தது; 1989-ல் பிரையன் ஃபாக்ஸின் பாஷ் வந்தது. இன்று நம் கல்லூரி மாணவர்கள் லினக்ஸில் பெரும்பாலும் சந்திப்பது இந்தப் பாஷைத்தான். இதைக் கற்க எந்தப் புத்தகத்தை வாங்குவது என்று புத்தகத் திருவிழாவில் கணினிக் கடைகளின் முன் திகைத்து நிற்கும் இளைஞருக்கு, பருமனையும் அட்டைப்படத்தையும் விட்டுவிட்டு மேற்கோள் குறியைப் பற்றி எந்தப் பக்கத்தில் சொல்லியிருக்கிறது என்று முதலில் பாருங்கள் என்பதே என் அபிப்பிராயம்.

இதென்ன அற்ப விஷயம் என்று தோன்றலாம். ஆனால் ஷெல் என்பது நாம் தட்டிய வரியை அப்படியே நிறைவேற்றும் யந்திரம் அன்று. மாறிகளுக்கு அவற்றின் மதிப்பை இட்டு, இடைவெளி கண்ட இடத்தில் துண்டாக்கி, நட்சத்திரக் குறிக்குப் பொருந்தும் கோப்புப் பெயர்களை வரிசையாக நிரப்பி, இத்தனை சம்ஸ்காரமும் முடிந்த பிறகே கட்டளையை அழைக்கிறது. ‘பாபநாசம் அணை’ என்று இடைவெளியோடு பெயரிட்ட கோப்பை ஒரு மாறியில் வைத்து, அம்மாறியை இரட்டை மேற்கோள் குறிக்குள் அடைக்காமல் அழிக்கும் கட்டளையிடம் கொடுத்தோமானால், அது ‘பாபநாசம்’ என்றும் ‘அணை’ என்றும் இரண்டு பெயர்களாகவே போய்ச் சேரும். அப்பெயர்களில் வேறு கோப்புகள் அவ்விடத்தில் இருந்துவிட்டால், நாம் கருதிய கோப்பு அசையாமல் நிற்க, கருதாத இரண்டும் ஒழிந்துபோம். மீட்டெடுக்கக் குப்பைத் தொட்டி என்ற சௌகரியமும் இங்கே கிடையாது. ஆகையால் முதல் பக்கம் தொட்டுக் கடைசிப் பக்கம் வரை மாறிகளை மேற்கோள் குறியின்றியே எழுதிச் செல்லும் நூல் எத்தனை சரளமாக இருந்தாலும் அதைத் திரும்பவும் அடுக்கில் வைத்துவிடுவது உத்தமம்.

நூலின் வயதையும் கவனிக்க வேண்டும். பூர்ன் ஷெல் காலத்து நூல்கள் இரண்டு எண்களைக் கூட்டுவதற்குக்கூட எக்ஸ்பர் என்ற தனி நிரலை அழைக்கச் சொல்லும். இன்றைய ஷெல் அதைத் தானே செய்துவிடும். மறுபுறம், பாஷுக்கே உரிய வசதிகளைப் பொதுவான ஷெல் இலக்கணம்போல் போதிக்கும் நூல்களும் உண்டு. உபுண்டு லினக்ஸ் 2006-ல் தன் எஸ்.எச். என்னும் பெயரை டாஷ் என்ற சிறிய ஷெல்லுக்கு மாற்றிக் கொடுத்தபோது, அவ்வசதிகளை நம்பிய ஸ்கிரிப்டுகள் பல நின்றுபோயின. ஸ்கிரிப்டின் முதல் வரி எந்த ஷெல்லை அழைக்கிறது, ஏன் அழைக்கிறது என்பதை விளக்காத நூலால் இந்த இடத்தில் பிரயோஜனம் இல்லை.

தமிழில் தரவு வைத்திருப்போருக்கு மற்றுமொரு சங்கடம் உண்டு. ‘தாமிரபரணி’ என்ற சொல்லை ஒரு கோப்பில் எழுதி, வரி முடிவுக் குறியின்றி, டபிள்யூ.சி. என்ற எண்ணும் கட்டளையிடம் கொடுத்தால் பைட்டுக் கணக்கில் 27 என்றும், குறிக் கணக்கில் 9 என்றும் சொல்லும்; பள்ளிப் பிள்ளையோ ஆறே எழுத்து என்பான். காலும் மேல்விலங்கும் யூனிகோடில் தனிக் குறிகளாக நிற்பதும், குறி ஒவ்வொன்றும் மூன்று பைட்டை அடைப்பதுமே இதன் காரணம். அஹோ, வைன்பெர்கர், கெர்னிகன் மூவரும் 1977-ல் படைத்த, ஷெல்லோடு சேர்த்துப் பயன்படும் ஆக் என்னும் கருவியின் மூல நிரல் நெடுங்காலம் பைட்டுகளையே எண்ணி வந்தது. எண்பதை எட்டிய பருவத்தில் கெர்னிகனே அதற்கு யூனிகோடு அறிவைப் புகட்டினார், 2023-ல் அக்கருவியைப் பற்றி மூவரும் எழுதிய நூலின் இரண்டாம் பதிப்பும் வெளிவந்தது. அதற்கு முந்திய நூல்களில் இந்த விஷயத்தைத் தேடுவது வீண்.

அப்படியானால் எதைத்தான் வாங்குவது? கட்டளைகளோடு முதலில் பரிச்சயம் கொள்ள, கணியம் மின்னிதழ் வழியே வந்த து. நித்யாவின் ‘எளிய தமிழில் குனு/லினக்ஸ்’ இலவச மின்னூலாகவே கிடைக்கிறது. அடுத்து வில்லியம் ஷாட்ஸின் ‘தி லினக்ஸ் கமாண்ட் லைன்’. அச்சில் விலை கொடுத்தும், கணினியில் விலையின்றியும் படிக்கலாம். வரியை ஷெல் எப்படி விரித்துக் காண்கிறது என்பதையும் மேற்கோள் குறியின் அவசியத்தையும் நூலின் முதற்பகுதியிலேயே நிதானமாக விளக்கிவிட்டு, ஸ்கிரிப்ட் எழுதுவதைக் கடைசிப் பகுதிக்கு ஒத்திவைத்திருப்பது ஆசிரியரின் விவேகம். கெர்னிகனும் ராப் பைக்கும் 1984-ல் எழுதிய ‘தி யூனிக்ஸ் புரோகிராமிங் என்விரான்மென்ட்’ நானூறு பக்கத்துக்கும் குறைவு; அதன் உதாரணங்கள் சில பழசாகிப்போனவை என்றாலும், சிறு கருவிகளைச் சேர்த்துப் பெரிய காரியம் செய்யும் மனப்பாங்கை அவ்வளவு தெளிவாகச் சொன்ன வேறொரு நூலை நான் கண்டதில்லை. பழைய புத்தகக் கடையில் அகப்பட்டால் பேரம் பேசாமல் வாங்கிவிடலாம். ஷாட்ஸை முடித்த பிறகு திறந்தால் போதும்.