கரையில் எழுந்த சங்கம்

நெய்தல் நில மக்களின் வாழ்வு உழைப்பும் இடரும் ஒருங்கே கலந்தது. விடியுமுன் அலை கடந்து செல்லும் மீனவர், காற்றின் போக்கையும் நீரோட்டத்தையும் கணித்து வலை வீசி, வெயில் ஏறியபின் கரை திரும்புவர். உயிரைப் பணயம் வைத்துப் பெற்ற அம்மீனுக்கு விலை கூறும் உரிமை மட்டும் நெடுங்காலம் அவர்க்கு வாய்க்கவில்லை. அவ்வுரிமையை ஒரு சிற்றூரார் ஒன்றுகூடிப் பெற்ற வரலாறு அறியத்தக்கது.

கேரள நாட்டில், திருவனந்தபுரத்திற்கு வடக்கே கடலோரத்தில் அமைந்தது மரியநாடு என்னும் ஊர். 1960-களில் அங்கு வாழ்ந்த மீனவர் பெரிதும் கட்டுமரத்தையே நம்பியிருந்தனர். தென்மேற்குப் பருவக்காற்று வீசும் திங்கள்களில் அலை மலைபோல் எழும். கட்டுமரம் பல நாள் கரையிலேயே கிடக்கும். அந்நாளிலும் அடுப்பு எரியவேண்டுமன்றோ? கடன் வாங்குவதன்றி வேறு வழியில்லை. கடன் கொடுப்பவர் யாவர்? மீன் வாங்கும் வணிகரே. வலை கிழிந்தாலும் அவரிடமே செல்லவேண்டும். மகளுக்கு மணம் என்றாலும் அவரிடமே செல்லவேண்டும். அவர் பல வேளைகளில் வட்டி கேட்பதில்லை. மேலோட்டமாக நோக்குவார்க்கு இது பேருதவியாகவே தோன்றும். ஆயினும், கடன் தீருமளவும் மீனை அவருக்கே தருதல் வேண்டும். அவர் சொன்னதே விலை. அவர் கொடுத்த நாளே கொடுத்த நாள். நெல்லைப்போல் குதிரில் இட்டுவைத்து, விலை ஏறியபின் விற்கக்கூடிய பொருளன்று மீன். சில நாழிகையிற் கெட்டுவிடும். களைத்துக் கரையேறியவன் வழக்காடிக்கொண்டு நிற்றல் இயலுமோ?

இக்குறை நீக்க அரசினர் முன்னரே கடற்கரை ஊர்கள் பலவற்றிற் கூட்டுறவுச் சங்கங்களை நிறுவியதுண்டு. அவற்றுட் பல பெயரளவில் நின்றன. சங்கம் கடன் கொடுத்தது. மீனோ பழைய வணிகர் கைக்கே சென்றது. ஆதலால் சங்கத்திற்கு வரவேண்டிய தவணை வரவில்லை. கடலிற் செல்லாதாரே தலைமை இருக்கையில் அமர்ந்த சங்கங்களும் உண்டு. வேரில் நோயிருக்க இலையில் மருந்து தடவியது போலாயிற்று.

மரியநாட்டு மீனவர், ஊரில் தங்கிப் பணிபுரிந்த சமூகத் தொண்டர் சிலரின் துணையோடு, 1960-களின் இறுதியில் வேறொரு வழியை நாடினர். சங்கம் என்றவுடன் தமிழ் பயில்வார்க்குப் புலவர் அவையே நினைவிற்கு வரும். இவர்கள் கண்ட சங்கமோ மணலின்மேல், மீன் வந்து குவியும் இடத்திலேயே தொடங்கிற்று. ஏலம் கூறுபவரைச் சங்கமே அமர்த்தியது. வணிகர் ஏலத்தில் மீனை எடுக்கலாம். ஆனால் விலையைத் தாமே வகுத்தல் இயலாது. விற்ற தொகை சங்கத்தின் ஏட்டில் ஏறும். அதில் ஒரு சிறு பகுதி சங்கச் செலவிற்கும், ஒரு பகுதி கடன் தவணைக்கும், ஒரு பகுதி மீனவரின் சேமிப்பிற்கும் கழிக்கப்படும். எஞ்சியது அவர் கைக்கு வரும். மீன் மிகுதியாகக் கிடைத்த நாளில் தவணையும் மிகும். கிடையாத நாளில் தவணை கேட்பாரில்லை. கடலின் இயல்பறிந்து வகுத்த கணக்கு இது. மாதந்தோறும் ஒரே தொகையைக் கேட்கும் முறை கடலோடிகளுக்குப் பொருந்தாது என்பதை அவர் நன்கு உணர்ந்திருந்தனர். கடன், விற்பனை, சேமிப்பு ஆகிய மூன்றும் இவ்வாறு ஒரே கயிற்றின் முப்புரிகளாக முறுக்கப்பட்டன.

இம்மாறுதலை வணிகர் விரும்பவில்லை என்பதைக் கூறவும் வேண்டுமோ? எனினும், இத்தகைய சங்கத்திற்கு வெளிப்பகையினும் உட்சோர்வே பேரிடர். ஏதேனும் ஒரு நாளில் வணிகர் சற்றுக் கூடுதலான விலை தருவதாக ஆசை காட்டக்கூடும். அன்று ஒருவர் மறைவாக மீனை அவரிடம் சேர்த்துவிடின், மறுநாள் பதின்மர் அவ்வழியே செல்வர், ஏலத்திற்கு மீன் இராது, கொள்வாரும் வாரார். ஆகவே, உறுப்பினர் அனைவரும் சங்கத்தின் வாயிலாகவே விற்றல் வேண்டும் என்னும் விதியும், கடல்மேற் சென்று தொழில் புரிவாரே உறுப்பினராதல் வேண்டும் என்னும் விதியும் இம்முறைச் சங்கங்களுக்கு உயிர்நிலை ஆயின.

மரியநாட்டைக் கண்டு பிற ஊராரும் சங்கம் அமைத்தனர். 1980-ஆம் ஆண்டில் தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பு திருவனந்தபுரத்தைத் தலைமையிடமாகக் கொண்டு உருவாயிற்று. கன்னியாகுமரி மாவட்டத்துக் கரைகளிலும் இத்தகைய சங்கங்கள் தோன்றின. ஒட்டுப்பலகைப் படகுகளைக் கட்டுதல், படகுப் பொறிகளைப் பழுதுபார்த்தல் போன்ற பணிகளையும் கூட்டமைப்பு மேற்கொண்டது. 2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26-ஆம் நாள் ஆழிப்பேரலை கரைகளை அழித்தபோது, அதன் தொழிலறிந்த கைகள் நாகப்பட்டினம் வரை சென்று, உடைந்து கிடந்த படகுகளைச் செப்பனிட்டன.