இன்டர்வியூவுக்குப் போக முடியவில்லையா? ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்!

வேலைக்கு விண்ணப்பம் போட்டாயிற்று. அழைப்பும் வந்தாயிற்று. புதன்கிழமை காலை 10.30 மணிக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். செவ்வாய் இரவு பார்த்து குழந்தைக்கு 102 டிகிரி ஜுரம்! வீட்டுக்காரர் வெளியூரில். மாமியாருக்கோ மூட்டு வலி. போவதா, வேண்டாமா? இந்தத் தவிப்பிலேயே மணி பத்தரையைத் தாண்டிவிடுகிறது. 'சரி, நமக்குக் கொடுத்து வைக்கவில்லை' என்று பெருமூச்சு விட்டுவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விடுகிறோம்.

அந்தப் பத்தரை மணிக்கு மேஜையின் அந்தப் பக்கம் என்ன நடக்கிறது என்று யோசித்ததுண்டா?

அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவள் நான். கோவையில் ஒரு பம்ப்செட் கம்பெனியில் ஆள் எடுக்கும் பிரிவில் 18 வருஷமாக வேலை பார்க்கிறேன். கணக்கு எழுத, ஸ்டோர்ஸ் பார்க்க, வாடிக்கையாளர்களிடம் போனில் பேச என்று வருஷம் முழுக்க யாரையாவது கூப்பிட்டுக்கொண்டேதான் இருப்போம். குழந்தை பிறந்ததும் வேலையை விட்டுவிட்டு, அது பள்ளிக்கூடம் போக ஆரம்பித்தவுடன் மறுபடி வேலை தேடும் பெண்கள் எங்களிடம் நிறைய வருகிறார்கள். அவர்களில் சிலர் வராமலே போய்விடுகிறார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

காலி நாற்காலியின் கணக்கு

ஒரு இடத்துக்கு 60 விண்ணப்பங்கள் வந்தால், படித்துப் பார்த்து எட்டுப் பேரைப் பொறுக்கி எடுப்போம். ஒவ்வொருவருக்கும் போன் செய்து நேரம் சொல்வோம். ஆளுக்கு அரை மணி. கேள்வி கேட்க மூன்று பேர்: கணக்குப் பிரிவு மேனேஜர், ஃபாக்டரி மேனேஜர், நான். 20-ம் தேதிக்குள் ஜி.எஸ்.டி. கணக்கைத் தாக்கல் செய்யும் அவசரத்திலும் அந்தக் கணக்கு மேனேஜர் பேனாவை மூடி வைத்துவிட்டு வந்து உட்கார்ந்திருப்பார்.

ஆள் வரவில்லை என்றால் கால் மணி நேரம் பார்ப்போம். பிறகு நான் போன் செய்வேன். மணி அடித்துக்கொண்டே இருக்கும், இல்லாவிட்டால் 'ஸ்விட்ச் ஆஃப்'! மூன்று பேரும் ஆளுக்கொரு பக்கம் பார்த்தபடி டீ குடிப்போம்.

எங்கள் நேரம் போனால் போகிறது. ஆனால் நாங்கள் எட்டோடு நிறுத்திக்கொண்டபோது ஒன்பதாவதாக ஒரு பெண் இருந்தாளே, அவளுக்கு அந்த அரை மணி கிடைத்திருக்கும். முதல் நாள் தெரிந்திருந்தால் அவளைக் கூப்பிட்டிருப்போம். காலி நாற்காலியைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அவள் நினைப்புதான் வரும்.

எதைக் குறித்து வைக்கிறோம்?

முன்பெல்லாம் நீளமான ரிஜிஸ்டரில் எழுதுவோம். இப்போது எல்லாம் கம்ப்யூட்டர். ஒவ்வொரு பெயருக்கும் நேராக மூன்றில் ஒன்றை எழுதுவோம். 'வேறு தேதி கேட்டார்.' 'முடியாது என்று சொல்லிவிட்டார்.' 'தகவல் இல்லை.'

முதல் இரண்டால் உங்களுக்கு ஒரு கெடுதலும் கிடையாது. மனுஷர்கள் என்றால் ஜுரம் வரும், பஸ் ஓடாது, வீட்டில் பெரியவர்கள் விழுந்துவிடுவார்கள். முதல் தடவை வேறு தேதி கேட்டால் நாங்கள் காரணம்கூடத் துருவுவதில்லை. இரண்டாம் தடவை கேட்டால் என்ன விஷயம் என்று விசாரித்து, முடிந்தால் கொடுப்போம். மூன்றாம் தடவை என்றால், 'உங்களுக்கு வசதிப்படும்போது மறுபடி விண்ணப்பம் போடுங்கள்' என்று பணிவாகச் சொல்லி முடித்துவிடுவோம். எல்லாக் கம்பெனியும் அச்சடித்த மாதிரி இப்படித்தான் என்று சொல்ல மாட்டேன். ஆனால் எனக்குத் தெரிந்த பல இடங்களில் இதுதான் வழக்கம்.

வம்பு 'தகவல் இல்லை' என்பதில்தான். அது அழியாது! ஆறு மாதம் கழித்து நீங்கள் அதே கம்பெனிக்கு மறுபடி விண்ணப்பம் போட்டால், பெயரைத் தட்டியதுமே பழைய குறிப்பு வந்து நிற்கும். சின்னக் கடை என்றால் முதலாளியின் ஞாபகமே கம்ப்யூட்டர். கன்சல்டன்ஸி மூலமாக வருகிறவர்கள் என்றால் இன்னும் சிக்கல். உங்களைச் சிபாரிசு செய்தவருக்குத் தலைகுனிவு. அடுத்த இடத்துக்கு உங்கள் பெயரை அனுப்ப யோசிப்பார்.

சொன்ன காரணத்தை நம்புவோமா?

இந்தக் கேள்வியைப் பல பெண்கள் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். பெரும்பாலும் நம்புவோம். டாக்டர் சர்டிஃபிகேட் கொண்டு வா என்றெல்லாம் கேட்பதில்லை. பொய்யும் வரத்தான் செய்யும். எங்கள் ரிஜிஸ்டரில் ஒரே பாட்டி இரண்டு முறை காலமாகியிருக்கிறார்! காரணத்தைவிட, சொன்ன நேரத்தையும் விதத்தையும்தான் நாங்கள் பார்க்கிறோம்.

ஒரு நாள் காலை 8.40-க்கு எனக்கு ஒரு போன். பொள்ளாச்சிப் பக்கத்துப் பெண். இரண்டு குழந்தைகள், ஆறு வருஷம் வேலை இல்லாமல் இருந்தவள்.

"மேடம், பாப்பாவுக்கு ராத்திரி பூரா வாந்திங்க. ஆஸ்பத்திரில இருக்கறேன். பதினோரு மணிக்கு வர முடியாதுங்க. நாளைக்கு மத்தியானமோ, வெள்ளிக்கிழமை எப்ப வேணும்னாலுமோ வர்றேனுங்க. முடியுமுங்களா?"

ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. வெள்ளிக்கிழமை வரச் சொன்னோம், வந்தாள். அவள் போன பிறகு எங்கள் கணக்கு மேனேஜர் சொன்னார்: "ஒரு பில்லு லேட்டாகும்னா முன்னாடியே வந்து சொல்ற ஆளுதான் எனக்கு வேணும். இந்தப் பொண்ணு சொல்லும்." இன்றைக்கு எங்கள் பில் பிரிவே அவள் கையில்தான் இருக்கிறது.

இன்னொரு பெண். பி.காம். முதல் வகுப்பு, டாலி நன்றாகத் தெரியும். விண்ணப்பத்தைப் பார்த்தபோதே, 'இவள்தான்' என்று நினைத்தேன். வரவில்லை. போனும் எடுக்கவில்லை. நாலு மாதம் கழித்து அவளிடமிருந்தே மறுபடி விண்ணப்பம்! மேனேஜர் பழைய குறிப்பைப் பார்த்துவிட்டு, "இவங்களுக்கு இன்னொரு அரை மணியா?" என்று தள்ளி வைத்துவிட்டார்.

மனசு கேட்காமல் நானே அவளைக் கூப்பிட்டேன். அன்று விடியற்காலை மாமனாருக்குப் பக்கவாதம் வந்து ஆஸ்பத்திரிக்கு ஓடியிருக்கிறார்கள்.

"ஏங் கண்ணு, மத்தியானமாவது ஒரு போன் பண்ணியிருக்கலாமே?"

"என்னன்னுங்க மேடம் சொல்றது? முதல் நாளே வீட்டுக் கதையச் சொன்னா, இவ தினமும் லீவு கேப்பான்னு நெனச்சுக்குவீங்களேன்னு கூச்சமா இருந்துச்சுங்க..."

மேனேஜரிடம் எவ்வளவோ எடுத்துச் சொன்னேன். அதற்குள் அந்த இடத்துக்கு வேறு ஆளை முடிவு செய்துவிட்டார்கள். கெட்டிக்காரப் பெண், நியாயமான காரணம், ஆனாலும் வேலை போயிற்று!

என் அனுபவத்தில் ஆண்பிள்ளைகள் சொல்லாமல் நின்றுவிடுவது பெரும்பாலும் வேறு நல்ல வேலை கிடைத்துவிட்டால்தான். பெண்கள் சொல்லாமல் இருப்பது இந்தக் கூச்சத்தால். வீட்டுக் கஷ்டத்தை வெளியே சொன்னால் நம்மைப் பற்றித் தாழ்வாக நினைப்பார்களோ என்ற பயம். சொன்னவளை நாங்கள் தாழ்வாக நினைப்பதில்லை சகோதரிகளே. சொல்லாதவளைப் பற்றி நினைப்பதற்கு எங்களிடம் ஒன்றுமே இருப்பதில்லை; காலி நாற்காலி மட்டும்தான்.

எப்படிச் சொல்வது?

* அழைப்பு வந்த அன்றே, பேசியவரின் பெயரையும் நம்பரையும் குறித்துக்கொள்ளுங்கள். அவசரத்தில் தேட வேண்டியிருக்காது.

* தெரிந்தவுடன் சொல்லுங்கள். முதல் நாள் சொன்னால் ரொம்ப நல்லது. ஒரு மணி நேரம் முன்னால் சொன்னாலும் சரிதான். நேரம் கடந்தே போய்விட்டதா? அன்று சாயந்திரத்துக்குள் சொல்லிவிடுங்கள். அதற்கும் மதிப்பு உண்டு.

* முதலில் போன். எடுக்காவிட்டால் வாட்ஸ்அப்போ மின்னஞ்சலோ. போனில் பேசினாலும் இரண்டு வரி எழுதி அனுப்புவது நல்லது.

* காரணம் ஒரே வரியில் இருக்கட்டும். மாமியார், நாத்தனார், ஓரகத்தி கதையெல்லாம் வேண்டாம்! பொய் வேண்டவே வேண்டாம்.

* 'எப்போது வரலாம்?' என்று மட்டும் கேட்காதீர்கள். உங்களால் வர முடிந்த இரண்டு நேரங்களை நீங்களே சொல்லுங்கள். 'வீடியோவில் பேசலாமா?' என்றும் கேட்கலாம்.

* அந்த வேலையே வேண்டாம் என்று தோன்றினால் அதையும் சொல்லிவிடுங்கள். யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். உங்களுக்கு அடுத்தவளுக்கு வழி விட்ட புண்ணியம்.

எழுதத் தெரியவில்லையே என்பவர்களுக்கு ஒரு மாதிரி:

'வணக்கம். என் பெயர் ____. நாளை 10.30 மணிக்குக் கணக்காளர் வேலைக்கு என்னை அழைத்திருந்தீர்கள். குழந்தைக்கு உடம்பு சரியில்லாததால் வர இயலவில்லை. வியாழன் மதியமோ வெள்ளி காலையோ வர முடியும். வாய்ப்புத் தந்தால் நன்றியுடன் வருவேன்.'

இவ்வளவு போதும்!

அரசாங்க வேலை என்றால்...

இங்கே நிலைமை வேறு. அரசுத் தேர்வாணையங்களும் வங்கித் தேர்வுகளும் பொதுவாகத் தேதியை எளிதில் மாற்றித் தருவதில்லை. அழைப்புக் கடிதத்திலேயே நிபந்தனை இருக்கும். பொடி எழுத்தையும் விடாமல் படியுங்கள். ஒரு நல்ல சேதி: மத்திய அரசில் குரூப் 'சி' பணிகளுக்கும், கெஜட்டட் அல்லாத குரூப் 'பி' பணிகளுக்கும் 2016 ஜனவரி 1 முதல் இன்டர்வியூவையே எடுத்துவிட்டார்கள்.

இன்டர்வியூ உள்ள பதவிகளிலும், எழுதிக் கேட்பது வீண் போகாது என்பதற்கு குஜராத்தில் நடந்த ஒரு விஷயம் சாட்சி. எழுத்துத் தேர்வில் தேறிய ஒரு பெண்ணை அந்த மாநிலத் தேர்வாணையம் 2024 ஜனவரி முதல் வாரத்தில் காந்திநகருக்கு நேர்முகத் தேர்வுக்கு அழைத்தது. அவளோ நிறைமாதக் கர்ப்பிணி. நிலைமையை முன்கூட்டியே எழுதித் தெரிவித்தாள். 2023 டிசம்பர் 31-ம் தேதி குழந்தை பிறந்தது. அவள் இருந்த ஊருக்கும் காந்திநகருக்கும் சுமார் 300 கிலோமீட்டர். மறுபடியும் எழுதிக் கேட்டாள். ஜனவரி 2-ம் தேதி வர வேண்டும், அதற்கு மேல் அவகாசம் கிடையாது என்று பதில் வந்தது. பச்சை உடம்புக்காரி எப்படிப் போவாள்?

வழக்கு குஜராத் உயர் நீதிமன்றத்துக்குப் போனது. பெண்களின் நிலையைக் கொஞ்சமும் உணராத போக்கு இது என்று நீதிமன்றம் ஆணையத்தைக் கண்டித்து, அந்தப் பதவிக்கான முடிவை வெளியிடுவதை நிறுத்தி வைத்தது. கவனியுங்கள், அந்தப் பெண் வீட்டில் அழுதுகொண்டு சும்மா இருந்துவிடவில்லை. எழுதிக் கேட்டிருந்தாள். கோர்ட்டில் எடுத்துக் காட்ட அவள் கையில் அந்தக் கடிதங்கள் இருந்தன.

எங்கள் பக்கமும் தப்பு உண்டு!

எல்லாப் பழியையும் வருகிறவர்கள் தலையில் போட்டால் நியாயமில்லை. இரவு எட்டு மணிக்குப் போன் செய்து, "நாளைக்குக் காலையில வந்துடுங்க" என்கிறவர்கள் இருக்கிறார்கள். வந்தவளை மூன்று மணி நேரம் உட்கார வைத்துவிட்டு, "மேனேஜர் இல்லை, அப்புறம் வாங்க" என்று அனுப்புகிறவர்கள் இருக்கிறார்கள். தேர்வானாயா இல்லையா என்று பதிலே சொல்லாத இடங்களும் நிறைய உண்டு. சொல்லாமல் கைவிடுவது எங்களுக்கும் பழக்கம்தான்!

எங்கள் கம்பெனியில் சிலவற்றை மாற்ற வைத்தேன். மூன்று நாளாவது முன்னால் சொல்கிறோம். 'எந்த நேரம் உங்களுக்குச் சௌகரியம்?' என்று கேட்டுவிட்டுத்தான் நேரம் குறிக்கிறோம். பள்ளிக்கூட வேன் வரும் காலை எட்டரைக்கு யாரையும் கூப்பிடுவதில்லை. 2020-ல் கொரோனா வந்தபோது வீடியோவில் பார்த்துப் பேசப் பழகினோம். அதை இன்னும் விடவில்லை. முதல் சுற்று பெரும்பாலும் அதில்தான். 'குழந்தையை யார் பார்த்துக்கொள்வார்கள்?' என்று கேட்பதை நிறுத்திவிட்டோம். ஆண்களிடம் கேட்காத கேள்வியைப் பெண்களிடம் மட்டும் எதற்குக் கேட்க வேண்டும்? வருகிறவர்களுக்குக் கொஞ்சம் இடம் கொடுத்த பிறகு, சொல்லாமல் நின்றுவிடுவது எங்களிடம் குறைந்திருக்கிறது.

ஒரு எச்சரிக்கை

'இன்டர்வியூ தேதியை மாற்றப் பணம் கட்டுங்கள்', 'இடத்தைப் பிடித்து வைக்க டெபாசிட் அனுப்புங்கள்' என்று யாராவது போனில் சொன்னால் நம்பாதீர்கள். நாணயமான கம்பெனி எதுவும் தேதி மாற்றக் காசு கேட்காது. ஏமாந்து பணம் அனுப்பிவிட்டால், தாமதிக்காமல் 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்து புகார் கொடுங்கள்.

வேலை கிடைப்பதும் கிடைக்காததும் ஆயிரம் காரணங்களால் நடக்கும். படிப்பு, அனுபவம், சம்பளம், தூரம் என்று எவ்வளவோ இருக்கிறது. அதில் பாதி நம் கையில் இல்லை. போனை எடுத்து ஒரு நிமிஷம் பேசுவது நம் கையில்தானே இருக்கிறது? கூச்சத்தை ஓரமாக வைத்துவிட்டுப் பேசிவிடுங்கள். மறுமுனையில் இருப்பவளும் பெரும்பாலும் இரவு முழுக்கக் குழந்தைக்கு நெற்றியில் ஈரத்துணி போட்டுவிட்டு ஆபீஸுக்கு வந்தவளாகத்தான் இருப்பாள். அவளுக்குப் புரியும்!