தாங்கும் தோளுக்கும் ஓய்வு வேண்டும்

மூளை முடக்குவாதம் கண்ட பிள்ளைக்குத் தந்தையான தோழனே, உன்னிடந்தான் பேசுகிறேன்!

எட்டு மணி நேரம் உழைக்கிறாய், ஆலைச் சங்கு ஊதுகிறது, வீடு திரும்புகிறாய். நடக்கவியலாத மகனை நாளெல்லாம் தூக்கிச் சுமக்கிறாளே உன் துணைவி, அவளுக்கு ஊதும் சங்கு எது?

பிள்ளை வளர்கிறான், பாரமும் வளர்கிறது. முதுகு நோகிறது, உறக்கம் போகிறது. ஊரோ, "போன பிறவிப் பாவம்" என்கிறது. பாவமுமல்ல, சாபமுமல்ல! வளரும் மூளைக்கு நேர்ந்த ஊறு அது.

"நான் ஓய்ந்தால் பிள்ளை என்னாவான்?" என்கிறாள் அவள். அவள் ஒடிந்தால் பிள்ளை என்னாவான்?

2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், மிகுந்த துணை தேவைப்படுவோருக்குப் பராமரிப்பாளர் படி பற்றிப் பேசுகிறது. மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்துக்குச் செல், மனுக்கொடு, கேட்டுப் பெறு!

அதற்கு முன், இன்று மாலையே மகனை நீ ஏந்திக்கொள். நிமிர்த்தி உட்காரவைத்துக் கஞ்சி ஊட்டு. அவள் உறங்கட்டும், முதுகு வலிக்கு மருத்துவரைப் பார்க்கட்டும். அவள் ஓய்வு பிள்ளைக்குச் செய்யும் துரோகமல்ல. அவனுக்குச் சேர்க்கும் சொத்து!

1923-இல் சென்னைக் கடற்கரையிலே சிங்காரவேலர் மே நாள் கொண்டாடினார். உழைப்பவனுக்கு ஓய்வு உரிமை என்று இன்றும் முழங்குகிறோம். அந்த உரிமை உன் வீட்டு வாசற்படியோடு நின்றுவிடலாமா?